உமிக் கரி அனோட்டு ஐம்பது சுற்றுக்குள் இறங்கிவிடுகிறது: எங்கே பார்க்க வேண்டும்?

படுவான்கரைப் பொடியன் எழுதியது:

வணக்கம். நான் இரசாயனவியல் இறுதியாண்டு மாணவன், வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம். நெல் உமியிலிருந்து சோடியம் அயன் பற்றரிக்கு அனோட்டுக் கரி, அதாவது மின்னேற்றும்போது சோடியம் போய் உட்காருகிற மின்வாய்க்கான கரி, செய்வதுதான் என் ஆய்வு. கரி வருகிறது, கலம் ஓடுகிறது, ஆனால் நிலைக்கவில்லை.

ஏன் இந்தத் தலைப்பு என்றால், எங்கள் ஊரில் யானை வேலி ஈய அமிலப் பற்றரியில்தான் ஓடுகிறது. மாரியில் தொடர்ந்து சில நாள் வெயில் இல்லாவிட்டால் பற்றரி அடிமட்டம் வரை இறங்கிவிடும். அப்படி இறங்கிக் கிடந்த ஈயப் பற்றரி திரும்பப் பழைய நிலைக்கு வராது. வேலியில் கரண்ட் இல்லாத இரவில் யானை வயலுக்குள் வந்துவிடும். சோடியம் அயன் பற்றரியில் இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு போடலாம், பூச்சிய வோல்ற்று வரை இறக்கினாலும் தாங்கும் என்று படித்ததிலிருந்து இதை விட மனமில்லை.

செய்முறையைச் சொல்கிறேன். வெல்லாவெளிப் பக்க மில் ஒன்றில் எடுத்த உமியைக் கழுவிக் காயவைத்து, நைதரசன் ஓட்டத்தில் 600 பாகை செல்சியஸில் கரியாக்கினேன். சிலிக்காவை எடுக்க சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் கொதிக்கவைத்தேன், பிறகு ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் கழுவினேன். கடைசியாக ஆகன் வாயுவில் 1100 பாகையில் இரண்டு மணித்தியாலம். எங்கள் குழாய்ச் சூளை அதற்கு மேல் போகாது. பி.வி.டி.எஃப். பசையோடு என்.எம்.பி. கரைப்பானில் குழைத்து செம்புத் தகட்டில் பூசினேன். மின்பகுபொருள், எதிலீன் காபனேற்றும் டைஎதில் காபனேற்றும் கலந்த கலவையில் ஒரு மோலார் சோடியம் ஹெக்ஸாபுளோரோபொஸ்பேற்று. எதிரே சோடியம் உலோகம். காற்றும் ஈரமும் புகாமல் கலம் கட்டுகிற க்ளவ் பொக்ஸ் எங்களிடம் இல்லை. பூசிய தகடுகளை டப்பாவில் போட்டு இரவு பஸ்ஸில் கொண்டுபோய் வேறொரு பல்கலைக்கழகத்தில் நாணயக் கலமாகக் கட்டுகிறேன்.

முதல் தடவை கிராமுக்கு 410 மில்லியம்பியர் மணி அளவுக்குச் சோடியம் உள்ளே போகிறது. திரும்பி வருவது 215 தான். பிறகு கிராமுக்கு 100 மில்லியம்பியர் வேகத்தில் ஓட்டினால் ஐம்பது சுற்றுக்குள், அதாவது ஐம்பது தடவை ஏற்றி இறக்குவதற்குள், 130க்கு வந்துவிடுகிறது.

பொட்டாசியம் ஐதரொட்சைட்டுப் போட்டுத் துளைகளைத் திறந்தால் கொள்ளளவு கூடும் என்கிறார் ஒரு நண்பர். வெள்ளீயத் தூள் சேர்க்கச் சொல்கிறார் இன்னொருவர். கரிக்குள் நைதரசன் அணுக்களை ஏற்றச் சொல்கிற கட்டுரைகளும் நிறைய இருக்கின்றன. எதை முதலில் செய்வது? ஆய்வறிக்கை கொடுக்க இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன.

—

சம்மாந்துறை மில்காரர் எழுதியது:

தம்பி, பற்றரி விஷயம் எனக்குத் தெரியாது. உமி தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

மில்லில் வெளியே கொட்டிக் கிடக்கிற உமியை எடுத்தீர்களா, குழாயிலிருந்து விழும்போது பிடித்தீர்களா? கொட்டிக் கிடக்கிறதில் மண் கட்டாயம் இருக்கும். நெல் காய்கிற களத்து மணல், வீதியில் காயப்போட்ட நெல் என்றால் தார்க்கல் துகள்கூட வரும். அடுத்தது, பழைய மெஷினில் தவிடும் உமியும் சரியாகப் பிரியாது. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. றப்பர் உருளை போட்ட புது மெஷினில் உமி தனியாக, முழுசாக வரும்.

புழுங்கல் நெல்லு உமியா, பச்சை நெல்லு உமியா என்றும் பாருங்கள். அவித்த நெல்லின் உமி ஏற்கெனவே தண்ணீரில் ஊறிச் சூடு கண்டது. பெரும்போக உமியோடு சிறுபோக உமியைக் கலக்க வேண்டாம், சம்பாவையும் நாட்டையும் கலக்க வேண்டாம். ஒரே லொட்டில் ஒரு மூட்டை எடுத்துக் கட்டி வைத்துக்கொண்டு முழு ஆய்வையும் அதிலேயே செய்யுங்கள். மில்லுக்கு மில் உமி வேறு.

—

வாவிக்கரை எழுதியது:

தம்பி, நான் கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாட்டில் ஹார்ட் காபனில்தான், அதாவது சூடாக்கினாலும் கிரபைட்டாக மாறாத இந்த வகைக் கரியில்தான், வேலை செய்தேன். இப்போது மட்டக்களப்பில் இருக்கிறேன். எங்கள் ஊர் உமியில் ஒருவர் இதைச் செய்கிறார் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பொட்டாசியம் ஐதரொட்சைட்டு வேண்டவே வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கே செய்துவிடப் போகிறீர்கள் என்ற பயத்தில். துளை திறந்த கரி என்பது செயலூட்டிய கரி. சிரட்டையில் அதைச் செய்து ஏற்றுமதி செய்வது நம் நாட்டின் பெரிய தொழில்களில் ஒன்று. தண்ணீர் வடிக்க அது அருமையான பொருள், ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீற்றருக்கு மேல் பரப்பு இருக்கும். அனோட்டுக்கு வேண்டியது நேர் எதிர். வெளியே தெரிகிற பரப்பு ஒரு கிராமுக்குச் சில சதுர மீற்றர் அளவுக்கு இறங்க வேண்டும். மின்பகுபொருள் கரியைத் தொடுகிற ஒவ்வொரு இடத்திலும் அது உடைந்து ஒரு படலமாகப் படிகிறது, எஸ்.ஈ.ஐ. என்று நீங்கள் படித்தது அதைத்தான். படலம் கட்டச் செலவாகிற சோடியம் திரும்பி வராது. உங்கள் 410இல் காணாமல் போன 195இல் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

சோடியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இலிதியம் கலத்தில் இந்தப் படலம் ஓரளவு நிலைத்து நிற்கும். சோடியம் உப்புகள் அதே கரைப்பானில் கூடுதலாகக் கரையும். மாரியில் மண்சுவர்ப் பூச்சு கரையக் கரையத் திரும்பப் பூசுவது போல, கலம் சும்மா இருக்கும்போதும் படலம் கரைகிறது, அடுத்த தடவை மின்னேற்றும்போது மறுபடி கட்டுகிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சோடியம் போகிறது. சூடு கூடினால் கரைவதும் கூடும். சித்திரை வெயிலில் வேலியோரத் தகரப் பெட்டிக்குள் இருக்கப்போகிற பற்றரிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அரைக் கலத்தில் இந்த இழப்பு உறைக்காது, எதிரே ஒரு முழுத் தகடு சோடியம் இருக்கிறது. முழுக் கலத்தை எண்ணிப் பாருங்கள். கதோட்டாக, அதாவது சோடியத்தைக் கொடுக்கிற மற்றப் பக்க மின்வாயாக, சோடியம் வனேடியம் பொஸ்பேற்று போடுகிறீர்கள் என்று வைப்போம், அதன் கொள்கைக் கொள்ளளவு கிராமுக்கு 117. உங்கள் கரி ஒரு கிராமின் முதல் 410ஐ நிரப்ப மூன்றரைக் கிராம் கதோட்டு வேண்டும். அதில் கிட்டத்தட்டப் பாதி முதல் நாளே செத்துவிடும். கொள்ளளவைத் துரத்துவதை விட்டுவிட்டு முதல் சுற்று விளைதிறனை, அதாவது முதல் தடவை உள்ளே போனதில் திரும்பி வருகிற பங்கை, பிடியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, இப்போது உங்கள் பதிவில் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம். முதல் சுற்று இழப்பும், ஐம்பது சுற்றில் 215 இலிருந்து 130க்கு இறங்கியதும் ஒரே பிரச்சினை என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதலாவது கரியின் மேற்பரப்பு. இரண்டாவதில் கரிக்குப் பங்கு குறைவு, எதிரே இருக்கிற சோடியம் உலோகத்துக்குத்தான் பங்கு கூட என்பது என் சந்தேகம்.

காரணம் இதுதான். ஹார்ட் காபனின் வோல்ற்றளவு வளையியில் இரண்டு பகுதி உண்டு: மேலிருந்து சரிந்து வருகிற பகுதி, பிறகு 0.1 வோல்ற்றுக்குக் கீழே ஒரு சமதளம். கொள்ளளவில் பெரும் பங்கு அந்தச் சமதளத்தில்தான். பூச்சியத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் இருப்பதால், கலத்தில் எங்கேயாவது சில பத்து மில்லிவோல்ற்று தடை கூடினால் போதும், சமதளம் முடியுமுன் கருவி 0.01 வோல்ற்று வந்துவிட்டது என்று நிறுத்திவிடும். காபனேற்றுக் கரைப்பானில் சோடியம் உலோகம் அமைதியாக இருக்காது. அதன் மேல் தடித்த, தடை கூடிய படலம் கட்டிக்கொண்டே போகும். அந்தத் தடையையும் சேர்த்துத்தான் உங்கள் கருவி அளக்கிறது, இரண்டு மின்வாய்க் கலத்தில் எது யாருடையது என்று பிரித்துப் பார்க்க அதற்கு வழி இல்லை. கரி நன்றாக இருக்கும், படம் கெட்டுப்போனதாகக் காட்டும். நல்ல கரிகள் எத்தனையோ இப்படிக் குப்பைக்குப் போயிருக்கின்றன, எனக்கு அது உண்மையிலேயே கவலை.

கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். இறங்கிப்போன கலத்தைக் கழற்றாமல் அதையே கிராமுக்கு 20 மில்லியம்பியர் அளவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள். கொள்ளளவு எழும்பினால் பொருள் சாகவில்லை, தடைதான் கூடியிருக்கிறது. இரண்டாவது, முதல் சுற்றுகளின் வளையியையும் ஐம்பதாவதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். சரிவுப் பகுதி அப்படியே இருந்து சமதளம் மட்டும் குறுகியிருந்தால் அதுவும் அதே கதை. மூன்றாவது, க்ளவ் பொக்ஸ் கிடைக்கிற நாளில், ஓடி இறங்கிய கரித் தகட்டை எடுத்துப் புதுச் சோடியம், புது மின்பகுபொருளோடு திரும்பக் கட்டுங்கள். கொள்ளளவு திரும்பி வந்தால் உங்கள் கரிக்கு நான் சாட்சி சொல்கிறேன்.

அப்படியே வந்தால் அடுத்தது மின்பகுபொருளை மாற்றுவது. எஃப்.ஈ.சி. என்கிற புளோரோ எதிலீன் காபனேற்றைச் சில சதவீதம் சேர்த்தால் சோடியம் உலோகம் அடங்கும், படலத்தில் சோடியம் புளோரைட்டு கூடும். அளவு கூடிவிட்டால் அதுவே தடையாகும், ஆகவே குறைவாகத் தொடங்குங்கள். இன்னொரு வழி டைகிளைம் என்கிற ஈதர். அதில் படலம் மெல்லியதாக, உறுதியாக வரும், சோடியம் உலோகமும் ஒழுங்காக நடக்கும், முதல் சுற்று விளைதிறனும் பொதுவாகக் கூடும். ஆனால் டைகிளைம் இனப்பெருக்க ஆரோக்கியத்தைப் பாதிக்கிற பொருள், கையுறை இல்லாமல், திறந்த மேசையில் தொடக்கூடாது. உயர் வோல்ற்றளவுக் கதோட்டோடும் அது ஒத்துவராது.

மில்காரர் ஐயா சொன்ன மணல் விஷயத்தை விட்டுவிடாதீர்கள், அது தங்கமான தகவல். உமியின் சொந்தச் சிலிக்கா உருவமற்றது, சோடியம் ஐதரொட்சைட்டில் சுலபமாகக் கரையும். களத்து மணல் பளிங்கு வடிவச் சிலிக்கா, நீங்கள் கொதிக்கவைக்கிற சூட்டில் அது அசையாது. உமியின் நிறையில் 15 முதல் 20 சதவீதம் சாம்பல், அதில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா. 600 பாகையில் கரியாக்கிய பிறகு கரியின் நிறையில் கிட்டத்தட்டப் பாதி அந்தச் சாம்பலாகவே இருக்கும். எவ்வளவு எடுபட்டது, எவ்வளவு மிச்சம் என்று எக்ஸ்கதிர்ப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். உருவமற்ற சிலிக்காவின் அகன்ற மேடு 22 பாகையில் வரும், ஹார்ட் காபனின் மேடு 23, 24 பாகையில். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்று, காபன் படைகளுக்கு இடையிலான இடைவெளியைப் பிழையாகக் கணக்கிட வைக்கும். அதற்குப் பதில், முடிந்த கரியில் ஒரு கிராமை நிறுத்து மூசையில் போட்டுத் திறந்த காற்றில் 800 பாகையில் எரியுங்கள். கரி போய்விடும், மிஞ்சுவதை நிறுங்கள். பாடசாலை ஆய்வுகூடத் தராசு போதும்.

சிலிக்கா போன இடம் துளையாக நிற்கும் என்பதுதான் உமியின் சங்கடம். அந்தத் துளை மூட வேண்டும். சூடு கூடக் கூட வாய் திறந்த துளைகள் மூடிக்கொள்ளும், மின்பகுபொருள் நுழையாது, ஆனால் சோடியம் போய் உட்கார உள்ளே இடம் இருக்கும். அந்த மூடிய துளைதான் சமதளக் கொள்ளளவைத் தருகிறது என்பது இன்று பெரும்பாலானோர் ஏற்கிற விளக்கம். 1300, 1400 பாகையில் இது நன்றாக நடக்கும். உங்கள் சூளையில் குவாட்ஸ் குழாய்தான் இருக்க வேண்டும், அதை 1100க்கு மேல் கட்டாயப்படுத்தாதீர்கள், குழாய் வளைந்துவிடும். அலுமினாக் குழாய் போட்ட சூளை உள்ள இடத்துக்குப் பொடியை அனுப்புவதுதான் வழி. அங்கே போகுமுன் சிலிக்கா முழுக்க எடுபட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சூட்டில் அது கரியோடு தாக்கம் புரிந்து சிலிக்கன் காபைட்டாகத் தொடங்கும், வெளியேறுகிற காபனோரொட்சைட்டு புதுத் துளை போடும்.

அது கிடைக்கும்வரை உங்கள் சூளையிலேயே இரண்டு காரியம் செய்யலாம். சூடேற்றும் வேகத்தை நிமிடத்துக்கு ஒரு பாகையாகக் குறையுங்கள், வாயு மெதுவாக வெளியேறினால் துளை குறையும். அடுத்தது, 600 பாகைக் கரியைக் கழுவி முடித்ததும் சீனிக் கரைசலில் நனைத்து உலர்த்தி, பிறகு 1100க்குக் கொண்டுபோங்கள். சீனியிலிருந்து வருகிற காபன் வெளிவாய்களைப் பூசி மூடும். சீனிக் கரி சோடியத்துக்குப் புதிதில்லை. 2000ஆம் ஆண்டில் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன்ஸும் டானும் குளுக்கோசிலிருந்து செய்த ஹார்ட் காபனில்தான் கிராமுக்குச் சுமார் 300 என்று காட்டினார்கள், இந்தத் துறையே அங்கிருந்துதான் எழுந்தது. கழுவும்போது நீர் நடுநிலைக்கு வரும்வரை கழுவுங்கள். மிஞ்சிய சோடியம் ஐதரொட்சைட்டு 1100 பாகையில் கரியை அரித்துத் துளை போடும், உங்கள் நண்பர் சொன்ன பொட்டாசியம் ஐதரொட்சைட்டு வேலையை உங்களுக்குத் தெரியாமலே செய்துவிடும். சிலிக்காவை எடுக்க ஐதரோபுளோரிக் அமிலம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது எலும்பு வரை போகிற அமிலம், நம் ஆய்வுகூடங்களில் அதற்கான ஆயத்தம் இல்லை.

பசையை மாற்றுங்கள். சி.எம்.சி. என்கிற காபொட்சிமெதில் செலுலோசு, அல்லது சோடியம் அல்ஜினேற்று. இரண்டும் தண்ணீரில் குழைபவை, விலை குறைவு, என்.எம்.பி. நச்சும் இல்லை, சோடியம் கலத்தில் பி.வி.டி.எஃப். ஐ விட நன்றாகப் பிடிக்கும். செம்புத் தகடும் தேவையில்லை. சோடியம் அலுமினியத்தோடு கலப்புலோகமாகாது, நீங்களே எழுதியது போல அலுமினியம் போடலாம்.

இரவு பஸ் விஷயம் கவனம். மட்டக்களப்புக் காற்றில் இருக்கிற ஈரம் போதும், கரி குடித்துவிடும். டப்பாவில் உலர்த்திப் பொருள் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். போய்ச் சேர்ந்த இடத்தில் வெற்றிட அடுப்பில் 120 பாகையில் ஓர் இரவு வைத்து, சூடு ஆறுமுன் க்ளவ் பொக்ஸுக்குள் கொண்டுபோங்கள். ஈரம் இருந்தால் மின்பகுபொருளில் இருக்கிற ஹெக்ஸாபுளோரோபொஸ்பேற்று உப்பு நீரோடு சேர்ந்து ஐதரசன் புளோரைட்டு தரும், பிறகு படலம், உலோகம் எல்லாவற்றையும் அது அரிக்கும்.

வெள்ளீயம் பற்றி: கொள்கைப்படி கிராமுக்கு 847, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சோடியம் முழுக்க ஏறும்போது கன அளவு சுமார் 420 சதவீதம் பெருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் துகள் வெடித்துப் புதுப் பரப்பு திறக்கும், புதுப் பரப்பில் மறுபடி படலம். நிலைப்புத்தான் உங்கள் பிரச்சினை என்னும்போது இதைச் சேர்ப்பது சரியில்லை. நைதரசன் ஏற்றினால் வேகம் கூடலாம், கூடவே குறைபாட்டு இடங்களும் முதல் சுற்று இழப்பும் கூடும். இப்போது வேண்டாம்.

முதலில் மெதுவான சுற்றும் சாம்பல் சோதனையும். அந்த இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள், பிறகு கதைப்போம்.

—

கல்முனை ஆசிரியர் எழுதியது:

நான் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறவன். வாவிக்கரை அவர்களிடம் ஒரு கேள்வி. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் இவ்வளவு தூய கிரபைட்டு தோண்டுகிறோம். அதை விட்டுவிட்டு உமியை ஏன் எரிக்க வேண்டும்? சோடியம் அயன் பெரியது, கிரபைட்டுப் படைகளுக்கு இடையில் நுழையாது என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். அது போதுமான விளக்கமா?

—

வாவிக்கரை எழுதியது:

சேர், அருமையான கேள்வி. அந்த விளக்கம் பலரும் சொல்வதுதான், ஆனால் ஒரு மாணவர் பொட்டாசியத்தைக் கேட்டால் நின்றுவிடும். இலிதியம் அயன் ஆரை 0.76 அங்ஸ்ட்ரொம், சோடியம் 1.02, பொட்டாசியம் 1.38. எல்லாவற்றிலும் பெரிய பொட்டாசியம் கிரபைட்டுக்குள் ஒழுங்காகப் போகிறது, எட்டுக் காபனுக்கு ஒன்று என்ற கணக்கில், கிராமுக்கு 279. இலிதியம் ஆறு காபனுக்கு ஒன்று, 372. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சோடியம் மட்டும் அறுபத்து நான்கு காபனுக்கு ஒன்று என்ற அளவில் நின்றுவிடுகிறது, 35ஐத் தாண்டாது. ஆகவே பருமன் மட்டும் காரணம் இல்லை. இலிதியத்துக்குக் காபனோடு பிணைப்பு வலு, அதனால் போகிறது. பொட்டாசியம் சுலபமாக இலத்திரனை விடுகிறது, அதன் உலோகப் பிணைப்பும் தளர்ந்தது, அதனால் போகிறது. சோடியத்துக்குக் காபனோடு கிடைக்கிற பிணைப்பு பலவீனம், உள்ளே போவதைவிட உலோகமாக வெளியே இருப்பதே சக்தியில் இலாபம்.

ஆனால் கிரபைட்டுக்கு ஒரு வாசல் இருக்கிறது. 2014இல் ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் அடெல்ஹெல்ம் குழு டைகிளைமில் இதைச் செய்து காட்டியது. சோடியம் தனியாக நுழையாது, தன்னைச் சூழ்ந்த டைகிளைம் மூலக்கூறுகளோடு சேர்ந்தே படைகளுக்கு இடையில் போகிறது. படை இடைவெளி 0.335 நனோமீற்றரிலிருந்து மூன்று மடங்குக்கு மேல் விரிகிறது, அப்படி விரிந்தும் ஆயிரம் சுற்று ஓடியது. கொள்ளளவு 100 அளவுதான், கரைப்பானும் நிறைய வேண்டும், அதனால் வாகனத்துக்கு உதவாது. ஆனால் ஒரே இடத்தில் கிடக்கிற, பாரம் பிரச்சினை இல்லாத பற்றரிக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். யானை வேலிப் பெட்டி அப்படியான இடம். கஹட்டகஹ கிரபைட்டில் இதை யாராவது மாணவர் எடுத்துச் செய்தால் என்னால் முடிந்த உதவி நிச்சயம்.

—

படுவான்கரைப் பொடியன் எழுதியது:

அக்கா, இரண்டு எண்ணும் இதோ. இறங்கிய கலத்தை 20 மில்லியம்பியரில் ஓட்டியபோது கிராமுக்கு 190 வந்தது. வளையிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சரிவு கிட்டத்தட்ட ஒன்றாகவே நிற்கிறது, சமதளம் மட்டும் குறுகியிருக்கிறது. சாம்பல் சோதனையில் 9 சதவீதம் மிச்சம். கையில் தேய்த்தால் நறநற என்கிறது.

சூளைக்கு ஓர் இடம் சம்மதித்திருக்கிறது, 1350 பாகை போகுமாம். இந்தப் பொடியையே அனுப்பவா, புதிதாகச் செய்து அனுப்பவா?

—

வாவிக்கரை எழுதியது:

130 இலிருந்து 190. உங்கள் கரி உயிரோடுதான் இருக்கிறது தம்பி! 215க்கும் 190க்கும் இடையில் மிஞ்சுகிற வித்தியாசத்தைத்தான் கரியின் கணக்கில் எழுதலாம், அதிலும் எஃப்.ஈ.சி. போட்ட கலத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. உங்கள் 215 என்பது சாம்பலையும் சேர்த்து நிறுத்த கணக்கு. 9 சதவீதத்தைக் கழித்துக் காபனை மட்டும் எடுத்தால் 236. ஆய்வறிக்கையில் இரண்டு எண்ணையும் போடுங்கள், எதை எப்படிக் கணக்கிட்டது என்றும் எழுதுங்கள்.

இந்தப் பொடியை 1350க்கு அனுப்ப வேண்டாம். நறநற என்பது மணல். நீர் மேலே மிதக்கும் சுத்தமான உமியை எடுத்து, அடியில் தங்குவதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். 600 பாகைக் கரியில் கழுவிய பிறகு சாம்பல் சோதனை செய்து, 1 சதவீதத்துக்குக் கீழே வந்தபின் அனுப்புங்கள். கூடவே கொஞ்சம் சிரட்டைக் கரியும் அதே முறையில் செய்து அனுப்புங்கள். அதில் சாம்பல் மிகக் குறைவு, சிலிக்கா எடுத்த துளை இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உமியில் எது சிலிக்காவால் வந்தது, எது காபனால் வந்தது என்று பிரிக்கலாம். கலம் கட்டும்போது சோடியம் வெட்டுத் துண்டுகளைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், ஐசோபுரொப்பனோலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தாக்கம் அடங்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும்.

—

சம்மாந்துறை மில்காரர் எழுதியது:

தம்பி, பச்சை நெல்லு உமி, ஒரே வயல், ஒரே இனம், மெஷின் வாயிலேயே பிடித்து ஒரு மூட்டை கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். காசு வேண்டாம். வெள்ளிக்கிழமை மில் பூட்டு, சனிக்கிழமை காலையில் வாருங்கள். நாங்களும் வயலுக்கு யானைக் காவல் இருக்கிற ஆட்கள்தான்.